அவைப் பதிவுகளில் நம் ஊரைத் தேடுவது எப்படி? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களும், ரயில், சாலை, கண்மாய் தொடர்பாக மனு எழுதுகிறவர்களும், ஆய்வு மாணவர்களும் சட்டமன்ற, நாடாளுமன்றப் பதிவுகளைத் தேடும்போது ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால் வருகின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

சபையில் பேசுவதை எல்லாம் அப்படியே எழுதி வைக்கிறார்களா? அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

ஆம். மக்களவை, மாநிலங்களவை, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை ஆகிய மூன்றிலும் அவைச் செய்தியாளர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்கிறார்கள். கேள்வி நேரம், மசோதா விவாதம், மானியக் கோரிக்கை, ஒத்திவைப்புத் தீர்மானம், இடைமறிப்பு என, அவைத் தலைவர் நீக்கச் சொன்னவை தவிர, எல்லாமே அந்தப் பதிவில் இருக்கும். அது அச்சாகி வெளிவரும் பொது ஆவணம். பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

குழுக் கூட்டங்களின் நிலை வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இணையத்தில் எங்கே போய்த் தேடுவது?

மத்திய அவைகளுக்கு நாடாளுமன்ற மின்நூலகம்தான் முதல் இடம். மக்களவை விவாதங்கள், குழு அறிக்கைகள் ஆகியவற்றோடு 1952-க்கு முந்தைய சட்டமன்றங்களின் விவாதங்களும் அங்கே ஏற்றப்பட்டுள்ளன. மாநிலங்களவை தன் விவாதங்களைத் தனித் தளத்தில் வைத்திருக்கிறது. அண்மைக்காலக் கேள்வி-பதில்களை 'சன்சத்' தளத்தில் அமைச்சகம், உறுப்பினர், தேதி வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டு அவைக் குறிப்புகளுக்குச் சட்டமன்றப் பேரவையின் தளத்தையும், பழைய தொகுதிகளை மின்மயமாக்கி அது வெளியிட்டுவரும் தொகுப்பையும் பார்க்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்காத தொகுதிகளுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். கன்னிமாரா பொது நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகிய இரண்டையும் முதலில் விசாரியுங்கள். அதே பயணத்தில் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நம் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது. அவை விவாதம் எந்தச் சூழலில் நடந்தது என்பதை அக்காலப் பத்திரிகைகளைக் கொண்டு புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழிலேயே தேட முடியாதா?

சட்டமன்றப் பதிவுகளில் முடியும், ஆனால் சில எச்சரிக்கைகளோடு. பழைய தொகுதிகள் பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்துவைத்த கோப்புகளாகவே உள்ளன. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்பு ணை, லை, னை, ணா, றா, னா ஆகியவை பழைய வடிவில் அச்சிடப்பட்டதால், கணினி அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை. 'சாலை' என்று தேடினால் வராத பக்கத்தில் சாலையைப் பற்றியே நான்கு பத்திகள் இருக்கும். ஆகவே அந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுவது நல்லது. அதோடு அக்கால வழக்கையும் நினைவில் கொள்ள வேண்டும்: மாவட்டம் 'ஜில்லா' என்றும், அமைச்சர் 'மந்திரி' என்றும், மாண்புமிகு 'கனம்' என்றும் இருக்கும். 1950-களின் தொடக்கம் வரை சென்னைச் சட்டமன்றத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

மக்களவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசியிருந்தாலும் பதிவில் பெரும்பாலும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புதான் இருக்கும். பக்கத்தின் அடியில் உடுக்குறி (*) இட்டு, 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்று ஆங்கிலத்தில் குறித்திருப்பார்கள். அந்த ஆங்கிலத்தை நீங்கள் மறுபடி தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் வைத்து, உறுப்பினர் பேசிய சொற்களாகவே வெளியிடுவது தவறு. கருத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லையே?

எழுத்துக்கூட்டல் முதல் காரணம். காரைக்குடியை ஆங்கிலத்தில் நாம் ஒரு 'கே' போட்டு எழுதுகிறோம். ரயில்வே இரண்டு 'கே' போட்டு எழுதுகிறது. ரயில்வே அமைச்சகத்தின் பதில்களைத் தேடுகிறவர் இரண்டையும் போட்டுப் பார்க்காவிட்டால் பாதியை இழந்துவிடுவார். திருவாரூர் வரையிலான அகலப் பாதைப் பணி ஒரு நல்ல உதாரணம். பட்டுக்கோட்டை வரை 2018-லும் திருவாரூர் வரை 2019-லும் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தப் பாதை பற்றி எழுந்த கேள்விகளைத் தேடும்போது காரைக்குடியை விட்டுவிட்டுத் திருவாரூர், பட்டுக்கோட்டை, 'பாதை மாற்றம்' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் போட்டுப் பாருங்கள். தேவகோட்டைக்கும் பழைய பதிவுகளில் கடைசி எழுத்து இல்லாத வடிவம் உண்டு.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. அதற்கு முன் நம் ஊர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன; ஆங்கிலப் பதிவுகளில் அது 'ராம்நாட்'. தொடக்க ஆண்டுகளில் புதிய மாவட்டத்தின் பெயரும் சிவகங்கை அல்ல, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களுக்கோ கதையே வேறு. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். அந்த ஊர்களின் 1948-க்கு முந்தைய உள்ளூர் விவகாரங்களைச் சென்னைச் சட்டமன்றப் பதிவில் தேடிப் பயனில்லை. சமஸ்தானத்தின் ஆவணங்களில்தான் தேட வேண்டும். இணைப்புக்குப் பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1974-இலிருந்து புதுக்கோட்டை மாவட்டம்.

தேடுபெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டுவதற்கு முன்பு, நீங்கள் தேடும் ஆண்டில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில், எந்த ஆட்சியின் கீழ், என்ன எழுத்துக்கூட்டலில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் தேடலின் முக்கால் பங்கு அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

எங்கள் ஐயா 'கவுன்சில் மெம்பராக' இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்தக் கவுன்சில்?

ஆண்டு தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1937-க்கு முன் சென்னையில் இருந்த ஒரே சட்டமன்றத்தின் பெயரே லெஜிஸ்லேடிவ் கவுன்சில்தான். 1937 முதல் 1986 நவம்பர் 1-ஆம் தேதி கலைக்கப்படும் வரை அதே பெயர் மேலவையைக் குறித்தது. 1921 முதல் 1947 வரை டெல்லியில் 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்' என்ற மேலவை இருந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதில் உறுப்பினராக இருந்தார். 1952-இல் தொடங்கிய மாநிலங்களவையை 1954 ஆகஸ்ட் வரை ஆங்கிலத்தில் 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸ்' என்றே அழைத்தார்கள். கடைசி ஓரெழுத்துதான் வேறுபாடு. இரண்டும் வெவ்வேறு அவைகள். பதிவுகளும் வெவ்வேறு வரிசையில் உள்ளன.

சட்டங்களின் கதையும் இப்படியே பிரிந்து கிடக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கான 1928-ஆம் ஆண்டுச் சட்ட விவாதம் அன்றைய ஒற்றைக் கவுன்சிலின் பதிவில் இருக்கிறது. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகச் சட்டம் வந்தபோது மேலவை இன்னும் இருந்தது. எனவே இரு அவைகளின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பேரவைப் பதிவு மட்டும் போதும்.

பெயரைப் போட்டால் எங்கெங்கோ உள்ள செட்டியார்கள் எல்லாம் வருகிறார்கள். நம்மவரைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஆங்கிலத்தில் இந்தப் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள்; எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் கூட்டம் இன்னும் பெருகும். ஆர். கே. சண்முகம் செட்டியார் மத்திய சட்டமன்றத்தின் தலைவராகவும், 1947 நவம்பர் 26-இல் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்த நிதியமைச்சராகவும் இருந்ததால் பக்கம் பக்கமாக அவர் பெயர்தான் வரும். அவர் கோயம்புத்தூர்க்காரர். அவினாசிலிங்கம் செட்டியாரும் கொங்கு நாட்டவரே.

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பெயர்களில் விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் குடும்ப முதலெழுத்துகள், துணை செய்யும் என்று நினைப்போம். அச்சில் அது நேர்மாறாகப் போகிறது. 'எஸ். ஆர்எம். எம்.' போன்ற முதலெழுத்துகளை ஒரு பக்கத்தில் புள்ளியோடும், அடுத்த பக்கத்தில் இடைவெளியோடும், மற்றொன்றில் சேர்த்தும் அச்சிட்டிருப்பார்கள். கணினி ஒவ்வொன்றையும் வேறொருவராகக் கொள்ளும். விலாசத்தை விட்டுவிட்டு இயற்பெயரை மட்டும் போட்டு, ஆண்டையும் அவையையும் கொண்டு வடிகட்டுங்கள். அதன்பின் அந்தத் தொகுதியின் முகப்பிலுள்ள உறுப்பினர் பட்டியலில் அவருடைய தேர்தல் தொகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கம்பன் கழகம் கண்ட சா. கணேசனின் அவைப் பேச்சுகளைத் தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஆங்கிலத்தில் 'எஸ். கணேசன்' என்று ஆகிவிட்டால் அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

தேதி சரியாகத் தெரியும். அந்தத் தேதியின் விவாதத்தைத் திறந்தால் கேள்வியைக் காணோம். ஏன்?

1950-களின் முற்பகுதியில் நாடாளுமன்ற விவாதங்களை இரண்டு பாகங்களாக அச்சிட்டார்கள். கேள்வி-பதில்கள் முதல் பாகம். மற்ற நடவடிக்கைகள் இரண்டாம் பாகம். ஒரே நாளுக்கு இரண்டு கோப்புகள் இருக்கும். நீங்கள் திறந்தது இரண்டாவதாக இருக்கலாம்.

பிந்தைய ஆண்டுகளானால் அது எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள். உடுக்குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். துணைக் கேள்விகளும் வரும். உடுக்குறி இல்லாத கேள்விக்கு எழுத்து வடிவில் மட்டுமே பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு உடுக்குறியிட்டவை அதிகபட்சம் 20, மற்றவை 230. நம் ஊர் அஞ்சலகம், ரயில் நிறுத்தம், கண்டாங்கிச் சேலை போன்ற சிறு விஷயங்கள் பெரும்பாலும் அந்த 230-க்குள்தான் கிடக்கும். எனவே விவாதக் கோப்பை விட்டுக் கேள்விகள் பகுதியில் தேடுவதே வழி.

தலைப்பில் இந்திய தேசிய நாட்காட்டியின் சக ஆண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். 1988 டிசம்பர் 5 என்பதற்குப் பக்கத்தில் 'அக்ரஹாயண 14, 1910' என்று அச்சாகியிருக்கும். அதை 1910-ஆம் ஆண்டின் விவாதம் என்று குறித்துக்கொண்டவர்கள் உண்டு.

பதிலில் 'அறிக்கை அவை முன் வைக்கப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். அந்த அறிக்கை எங்கே?

குறுகிய அறிக்கையாக இருந்தால் அதே பதிலின் பின்னிணைப்பில் இருக்கும். நீண்டதாக இருந்தால், 'நூலகத்தில் வைக்கப்பட்டது' என்ற குறிப்போடு அடைப்புக்குறிக்குள் 'எல்.டி.' என்று தொடங்கும் ஓர் எண்ணும் ஆண்டும் இருக்கும். அந்த எண்தான் சாவி. அதைக் குறிப்பிட்டு நாடாளுமன்ற நூலகத்திற்கு எழுதலாம். எண்ணைக் குறிக்காமல் 'அந்த அறிக்கை' என்று எழுதினால் தேடுகிறவர்களுக்கும் வழி தெரியாது.

எங்கள் எம்.பி. நம் கோரிக்கையைப் பேசியிருக்கிறார், ஆனால் அமைச்சர் பதிலே சொல்லவில்லையே?

மக்களவையில் விதி 377-இன் கீழோ, நேரமில்லா நேரத்திலோ பேசியிருப்பார். மாநிலங்களவையில் அதற்குச் 'சிறப்புக் குறிப்பு' என்ற முறை உண்டு. இவற்றுக்கு அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை; 377-க்கான பதில் பின்னர் உறுப்பினருக்குக் கடிதமாகப் போகும். அந்தக் கடிதத்தை உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டுப் பெறுவதே நேர்வழி.

அமைச்சர் 'பரிசீலிக்கிறோம்', 'தகவல் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்' என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கே முடியவில்லை. அது உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, அரசின் உறுதிமொழிகளுக்கான குழுவின் பார்வைக்குப் போகும். மூன்று மாதத்திற்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது மத்திய அவைகளின் நடைமுறை. தமிழ்நாடு பேரவையிலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஊருக்காக மனு எழுதுகிறவர்கள் இந்தக் குழுக்களின் அறிக்கைகளைப் புரட்டாமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். கேட்டதற்கு என்ன ஆயிற்று என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

குழுக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று பார்க்க முடியுமா?

முழுமையாக முடியாது. குழுக்கள் மூடிய கதவுக்குள் கூடுகின்றன. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் 17 ஆகத் தொடங்கி, 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். இவற்றின் அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை சாட்சியங்கள் இரகசியம். வைக்கப்பட்ட பிறகு அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்புகள் வரும். யார் வந்திருந்தார்கள், எந்த அதிகாரிகள் சாட்சியம் அளித்தார்கள், எவற்றை விவாதித்தார்கள் என்பது அதில் இருக்கும். சொல்லுக்குச் சொல் உரையாடல் இருக்காது. வெளியிடப்படாத சாட்சியத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், அவை உரிமையை மீறும் தகவலுக்கு 8(1)(இ) பிரிவு விலக்கு அளிப்பதால் மறுப்பே வரும்.

ஓர் அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அதே பொருளில் பின்னர் வரும் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். அரசு ஏற்ற பரிந்துரைகள், குழு மேலும் வற்புறுத்தாமல் விட்டவை, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் வராதவை என அது தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்திருக்கும். ஏற்காதவை பற்றிய அத்தியாயத்தை நான் முதலில் படிப்பேன். உண்மையான கருத்து மோதல் அங்கேதான் வெளிப்படும்.

1930 வாக்கில் நகரத்தார் லேவாதேவியைப் பற்றி ஒரு குழு விசாரித்ததாமே? நாடாளுமன்றக் குழுக்களில் அது கிடைக்கவில்லை.

கிடைக்காது, ஏனென்றால் அது அவைக் குழு அல்ல. 1929-30இல் அரசு அமைத்த மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழுக்கள் அவை. சென்னைக்கு ஒன்றும் பர்மாவுக்கு ஒன்றும் தனித்தனியே இருந்தன. உறுப்பினர்களை அவை நியமித்தால் அவைக் குழு. அரசு நியமித்தால் அரசுக் குழு. அரசுக் குழுக்களின் அறிக்கைகளை நூலகப் பட்டியல்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் தேட வேண்டும்.

தேடுவதற்குத் தகுந்த பலன் உண்டு. இந்தக் குழுக்கள் எழுத்துச் சாட்சியங்களையும் அச்சிட்டன. வட்டி விகிதம், முகவர் சம்பளம், ஹுண்டி (உண்டியல் எனப்படும் பணமாற்றுச் சீட்டு) நடைமுறை ஆகியவை பற்றி அக்காலத்தவரே சொன்னது அதில் இருக்கிறது. வீட்டுப் பெட்டகத்தில் பழைய கணக்கேடு வைத்திருப்பவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

பர்மாவில் விட்டுவந்த நிலத்தைப் பற்றிய பேச்சு எந்த அவையில் நடந்தது?

பல அவைகளில் நடந்தது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசம் இருந்தது. பெரும்பகுதி கடனுக்கு ஈடாக வந்தது. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் டெல்லி மத்திய சட்டமன்றத்திலும், பிரிவினையை விவாதித்த காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் தேட வேண்டும். பிரிட்டனின் 'ஹான்சார்டு' விவாதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தேடுவதற்கும் எளிது.

1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்து நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்த பிறகு இழப்பீடு குறித்த கேள்விகளை வெளியுறவு அமைச்சகத்தின் பெயரில் தேடுங்கள். இங்கே ஒரு கவனம் தேவை: 1948, 1949 ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையே சட்டமன்றமாகவும் தனியே கூடியது. அரசியல் சட்டத்தை வகுத்த அமர்வுகளின் புகழ்பெற்ற விவாதத் தொகுதிகளில் இந்தக் கேள்விகள் இருக்காது. 'அரசியல் நிர்ணய சபை (சட்டமியற்றல்)' என்ற தனி வரிசையில் இருக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948 ஜூலை 25-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காலத்துப் பதிவும் இந்த வரிசைதான். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது முதல் மக்களவை வந்துவிட்டது. மலேயா, சிங்கப்பூர் தொடர்பாகத் தேடுகிறவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றங்களின் தளங்களிலேயே அவற்றின் விவாதங்களைத் தேடலாம்.

பேச்சின் நடுவே நட்சத்திரங்களாக இருக்கிறதே? காணொளியில் கேட்டதும் பதிவில் இல்லை.

அவைத் தலைவர் நீக்கச் சொன்ன சொற்களின் இடத்தில் அந்தக் குறிகள் வரும். அடிக்குறிப்பிலும் அப்படியே சொல்லியிருப்பார்கள். தலைவரின் அனுமதியின்றிப் பேசியது 'பதிவாகவில்லை' என்று காட்டப்படும். நீக்கியதைத் தேடிப்பிடித்து வெளியிடுவது அவை உரிமை மீறலாகும். பாட்னாவின் 'சர்ச்லைட்' இதழ் தொடர்பான வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் சட்டமன்றத்தின் அந்த அதிகாரத்தை ஏற்றது.

அண்மைய அமர்வுகளில் முதலில் வெளிவருவது 'திருத்தப்படாத' பதிப்பு. உறுப்பினர்கள் பதிவுப் பிழைகளைத் திருத்தலாம்; பேசியதன் பொருளை மாற்றக்கூடாது. எனவே ஆய்வேட்டில் எழுதுவதானால் திருத்திய பதிப்புக்காகக் காத்திருங்கள்.

நான் தேடினேன், ஒன்றும் இல்லை. 'இதைப் பற்றி யாரும் பேசவே இல்லை' என்று எழுதிவிடலாமா?

எழுதக்கூடாது. மேலே சொன்ன எழுத்துக்கூட்டல், மாவட்டப் பெயர், இரண்டு பாகங்கள், பழைய எழுத்து வடிவம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று அந்தப் பேச்சை மறைத்திருக்கலாம். ஒவ்வொரு தொகுதியின் பொருளடக்கத்தையும் கண்ணால் பார்த்த பிறகே கணினியின் 'இல்லை'யை நம்பலாம். அப்போதும் எந்த அவை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தச் சொற்கள் என்று குறித்து, 'இந்த எல்லைக்குள் கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். கிடைத்ததை எழுதும்போதும் அவையின் பெயர், வரிசை, தொகுதி எண், தேதி, பக்க எண் ஆகிய ஐந்தையும் கொடுங்கள். பழைய மக்களவைத் தொகுதிகளில் ஒரு பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்துப் பத்திக்கு ஓர் எண் இட்டிருப்பதால், அங்கே பக்க எண்ணுக்குப் பதிலாகப் பத்தி எண்ணையே குறிக்க வேண்டும்.

அமைச்சர் அவையில் சொன்ன பதிலை வைத்து பர்மா நிலத்துக்கு இப்போது உரிமை கோரலாமா?

அவைப் பதிவு ஒரு பேச்சு நடந்தது என்பதற்கு ஆதாரம். உங்கள் குடும்பத்துக்கு இன்ன நிலம் இருந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது. பதில்களில் பெரும்பாலும் மொத்த நிலைமைதான் இருக்கும், தனிக் குடும்பங்களின் பெயர் இருக்காது. பத்திரம், பட்டா, வரி ரசீது, அக்காலக் கணக்கேடு ஆகியவைதான் குடும்பத்தின் ஆவணங்கள். பதிவை எடுத்துத் தருகிறேன், அதைக் காட்டிப் பணம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் எதுவும் கொடுக்க வேண்டாம். முதல் பதிலில் சொன்னதுபோல இந்தப் பதிவுகளைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.